முசிறிக்கு என்றைக்குக் கிளம்ப வேண்டும்?

கி.பி. முதல் நூற்றாண்டு. இத்தாலியில், இன்றைய நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில், புத்தேயோலி என்ற துறைமுகம். அங்கே ஒரு வணிகர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிளகு வாங்க முசிறிக்குப் போக வேண்டும். குளிர்காலம் கழியப்போகிறது. அவர் என்றைக்குக் கிளம்புவார்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, தேநீரைக் குடித்தபடியே மெல்ல மெல்லப் போகலாம். பார்க்க எளிய கேள்விதான். உள்ளே போகப் போக மூன்று கடல், ஒரு பாலைவனம், ஒரு பெரிய ஆறு, நாலைந்து காற்று எல்லாம் வந்து சேரும்.

முதலில் அவர் கண் முன்னால் இருக்கும் கடல். மத்தியதரைக் கடலை நம்மில் பலர் அமைதியான நீலக் கடலாகவே நினைத்திருக்கிறோம். கோடையில் அது அப்படித்தான் இருக்கும். குளிர்காலத்தில் அதற்கு வேறு முகம். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் போர்க்கலை பற்றி எழுதிய வெகெட்டியஸ், கப்பல் விடுவதற்கு உரிய நாள்களைக் கணக்காகவே எழுதிவைத்திருக்கிறார். மே 27 முதல் செப்டம்பர் 14 வரை கடலை நம்பலாம். அதன்பின் நவம்பர் 11 வரை சந்தேகம். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியிருக்கும். மார்ச் 10க்குப் பிறகு திறக்கும். ஆனால் மே மாதம் பாதி கழியும்வரை எச்சரிக்கையாகவே போக வேண்டும்.

கடல் எப்படி மூடும்? புயலால் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். பாதிக் காரணம்தான் அது. வெகெட்டியஸ் சொல்லும் காரணங்களை வரிசையாகப் பாருங்கள்: பகல் குறுகிவிடுகிறது, இரவு நீள்கிறது, மேகம் அடர்கிறது, மூடுபனி வருகிறது, காற்றோடு மழையும் பனியும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் பாதி, கப்பலை உடைக்கிற விஷயங்கள் அல்ல. கண்ணை மறைக்கிற விஷயங்கள். திசைகாட்டும் கருவி இல்லாத காலம் அது. பகலில் சூரியன், இரவில் விண்மீன், கரையோரத்தில் மலைமுகடு: மாலுமிக்கு இருந்த அடையாளங்கள் இவ்வளவே. மேகம் இவை அத்தனையையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டுவிடும். காற்றடித்தால் பாயைச் சுருட்டிக்கொள்ளலாம். எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாவிட்டால் என்ன செய்வது?

இதற்கு நேரடிச் சாட்சியம் விவிலியத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தைச் சமய நூலாகப் படிப்பவர்கள் ஏராளம். பழங்காலக் கடற்பயணம் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த பதிவுகளில் அதுவும் ஒன்று. கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பவுல் ஏறியது, அலெக்ஸாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல். உள்ளே கோதுமை, அதோடு 276 உயிர்கள். யூதர்களின் நோன்பு நாள் கழிந்துவிட்டது. அதாவது இலையுதிர்காலம் முற்றிவிட்டது. கிரீட் தீவின் தென்கரையில் ஒரு துறையில் ஒதுங்கி நிற்கிறார்கள். இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்போம் என்கிறார் பவுல். இந்தத் துறை அதற்கு வசதிப்படாது, கொஞ்சம் தள்ளிப் போனால் நல்ல துறை ஒன்று இருக்கிறது என்கிறார்கள் கப்பல்காரர்கள். அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்கப் புறப்பட்டபோதுதான் வடகிழக்குப் பெருங்காற்று பிடித்துக்கொண்டது. பல நாள் சூரியனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை, பிழைப்போம் என்ற நம்பிக்கையே போயிற்று என்று அந்த நூல் சொல்கிறது. பதினான்காம் இரவில் கரை நெருங்குவதை மாலுமிகள் உணர்ந்து, கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி ஆழம் பார்த்தார்கள். விடிந்ததும் கரையில் மோதிக் கப்பல் உடைந்தது. அது மால்டா தீவு. 276 பேரும் பிழைத்தார்கள்.

நம் கேள்விக்கு இதற்கு அடுத்த வரி முக்கியம். மூன்று மாதம் அந்தத் தீவில் தங்கிவிட்டு, அங்கேயே குளிர்காலத்தைக் கழித்திருந்த இன்னொரு அலெக்ஸாந்திரியக் கப்பலில் ஏறினார்கள். அதன் சின்னம் மிதுன இரட்டையர். கடலோடிகளைக் காக்கும் தெய்வங்கள். அந்தக் கப்பல் வந்து சேர்ந்த இடம் நம் வணிகர் நிற்கும் அதே புத்தேயோலி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கிளம்பியது பிப்ரவரி வாக்கில் இருக்க வேண்டும். வெகெட்டியஸின் மார்ச் 10 வரை அந்தக் கப்பல்தலைவர் காத்திருக்கவில்லை.

ஆகவே கடல் பூட்டிய கதவு அல்ல. பிப்ரவரி 8 வாக்கில் மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் வசந்தம் கடலைத் திறந்துவிடுகிறது என்று எழுதுகிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அதற்கும் முந்தைய சான்று ஒன்று எகிப்திலேயே கிடைத்திருக்கிறது. கி.மு. 475ஆம் ஆண்டைச் சேர்ந்த சுங்கக் கணக்கு அது. எலிஃபண்டைன் தீவில் கிடைத்த பாப்பிரஸ் சுருளில், பின்னால் எழுதப்பட்ட எழுத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது. ஆண்டில் ஏறக்குறைய பத்து மாதம் எகிப்துக்குக் கப்பல்கள் வந்துபோனதை அது காட்டுகிறது. சனவரி, பிப்ரவரியில் மட்டும் பதிவு இல்லை. ஆக, குளிர்காலம் கப்பலைத் தடுத்துவிடவில்லை. ஆபத்தைக் கூட்டியது, ஆபத்து செலவைக் கூட்டியது. எவ்வளவு கூட்டியது என்பதற்கும் எழுத்துச் சான்று உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸில் நடந்த கடன் வழக்கொன்றின் ஒப்பந்தம் டெமாஸ்தனிஸின் உரைகளோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. கருங்கடலுக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கு ஆயிரம் திராக்மாவுக்கு 225 வட்டி. செப்டம்பர் நடுவில் சுவாதி விண்மீன் விடியலில் உதிக்கும்; அதற்குப் பிறகுதான் கருங்கடலிலிருந்து திரும்பக் கிளம்புவதென்றால் 300. ஒரு விண்மீன் உதித்ததற்காக வட்டி 75 ஏறியது! கடன் கொடுத்தவர் எவ்வளவு கூர்ந்து வானத்தைப் பார்த்திருக்கிறார் பாருங்கள்.

இதே கணக்கை ஒரு பேரரசரும் போட்டிருக்கிறார். ரோமில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது கிளாடியஸைச் சந்தையில் சூழ்ந்துகொண்டு மக்கள் ரொட்டித் துண்டுகளால் அடித்தார்கள். அதன்பிறகு அவர் குளிர்காலத்தில் தானியம் ஏற்றிவரும் வணிகர்களுக்கு, புயலில் நேரும் இழப்பை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். பசி வந்தால் மூடிய கடலும் திறக்கும்.

ஆனால் சாதாரணப் பயணிக்கு அரசு ஈடு தராது. அவர் வசந்தத்துக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு முடிவதை ஊரே கொண்டாடியது. மார்ச் 5 அன்று ஐசிஸ் தேவியின் கப்பல் விழா. கிரேக்கத்தில் கொரிந்துவின் துறைமுகமான கென்கிரேயாவில் அது எப்படி நடந்தது என்று அபுலேயுஸ் தம் நாவலின் கடைசிப் பகுதியில் விரிவாக எழுதியிருக்கிறார். ஊர்வலம் கடற்கரைக்கு வருகிறது. சித்திரங்கள் எழுதிய புதுக் கப்பல் ஒன்றைப் பூசாரி தூய்மைப்படுத்தித் தேவிக்கு அர்ப்பணிக்கிறார். மக்கள் நறுமணப் பொருள்களையும் காணிக்கைகளையும் அதில் ஏற்றுகிறார்கள். பிறகு ஆளில்லாமலே அதை நீரில் விடுகிறார்கள். கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்று பார்க்கிறார்கள். ஆண்டின் முதல் கப்பல் தெய்வத்துக்கு, அடுத்தடுத்தவை மனிதர்களுக்கு.

இன்னும் பழைய அடையாளம் ஒன்று உண்டு. வசந்தத்தில் எப்போது கடலேறலாம் என்பதற்கு, அத்திமரத்தின் உச்சிக் கொம்பில் துளிர்க்கும் இலை காகத்தின் காலடித் தடம் அளவுக்கு வந்ததா என்று பார்க்கச் சொல்கிறார் கிரேக்கக் கவிஞர் ஹெசியட். சொல்லிவிட்டு, வசந்தப் பயணம் தமக்குப் பிடிக்காது, அது அவசரக்காரர்களின் பயணம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கோடை நடுவுக்குப் பிறகு வரும் ஐம்பது நாளைத்தான் அவர் நம்பினார். தேதியைவிட இலை நல்ல அளவுகோல் என்றே எனக்குத் தோன்றுகிறது. குளிர் நீண்ட ஆண்டில் இலையும் தாமதிக்கும், நாட்காட்டி தாமதிக்காது.

சரி, விழா முடிந்தது, அத்தி துளிர்த்தது. நம் வணிகர் அன்றே கப்பல் ஏறிவிடுவாரா? பக்கத்து நாட்டுக்கென்றால் கடல் திறந்துவிட்டதா என்று கேட்டால் போதும். முசிறிக்கு அது போதாது. பல வண்டி மாறி வெளியூர் போகிறவர், கடைசி ஊரிலிருந்து கிராமத்துக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவுசெய்வார். இந்த வணிகரும் முசிறியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அப்படியே நாமும் எண்ணிப் பார்ப்போம்.

முசிறி, பெரியாறு கடலில் சேரும் பகுதியில், இன்றைய கொடுங்கல்லூரை ஒட்டியிருந்த துறை. அருகில் உள்ள பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்த ஊரே முசிறி என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கரைக்கு ஆனியிலும் ஆடித் தொடக்கத்திலும் கப்பலைக் கொண்டுவரக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தில் கரையை நோக்கி அடிக்கும். பாய்க்கப்பலுக்கு அதில் நங்கூரம் நிற்காது, கரையே எமன். ஆவணி பிற்பாதியிலும் புரட்டாசியிலும், அதாவது செப்டம்பரில், அந்தக் காற்று தளரும், ஆனால் நின்றிருக்காது. அந்த நேரத்தில் கரையை எட்ட வேண்டும். முந்தினால் கொந்தளிப்பு. பிந்தினால் நடுக்கடலில் காற்று செத்துப்போய், பிறகு எதிர்த்திசையில் திரும்பிவிடும்.

செப்டம்பரில் முசிறியை எட்ட வேண்டுமானால் செங்கடலை விட்டு எப்போது கிளம்ப வேண்டும்? பிளினியும், அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற வணிகக் கையேடும் ஒன்றுபோலச் சொல்கின்றன: ஜூலை. பிளினியின் கணக்கில், கோடை நடுவில், நாய்விண்மீன் எனப்படும் சிரியஸ் விடியலில் உதிப்பதற்குச் சற்று முன்போ உதித்த உடனேயோ செங்கடலின் எகிப்தியக் கரையில் உள்ள பெரெனிகே துறைமுகத்தை விட்டுவிட வேண்டும். செங்கடலின் தென்முனையில் இருக்கும் ஒகேலிஸ் வரை ஏறக்குறைய 30 நாள். அங்கிருந்து நேரே முசிறிக்கு 40 நாள். அந்தக் கடைசிக் காற்றுக்கு ஹிப்பாலஸ் என்றே பெயர் வைத்திருந்தார்கள். நடுக்கடல் வழியைக் கண்டறிந்தவராக ஹிப்பாலஸ் என்ற கப்பல் தலைவரைப் பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. அரபிக்கடலின் இருபுறமும் வாழ்ந்த கடலோடிகளுக்கு இந்தக் காற்று அதற்கு வெகுகாலம் முன்பே பழக்கம். கிரேக்கர்களுக்குத்தான் அது புதிது.

ஆக ஜூலை நடுவில் பெரெனிகே. அதற்கு முன்னால் பாலைவனம். நைல் கரையில் கொப்தோஸ் என்ற ஊர். அங்கிருந்து பெரெனிகேக்கு 257 ரோமானிய மைல், ஏறக்குறைய 380 கிலோமீட்டர், ஒட்டகத்தில் 12 நாள். பகலில் தண்ணீர் நிலையங்களில் தங்கி, வெப்பத்துக்கு அஞ்சி இரவில்தான் நடப்பார்கள். வழியில் ஆங்காங்கே கிணறும் காவல்கோட்டையும் உண்டு. வரியும் உண்டு. கி.பி. 90இல் கொப்தோஸில் நட்ட கல்வெட்டு இந்தப் பாதையில் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. மாலுமிக்கு 5 திராக்மா. ஒட்டகத்துக்கான அனுமதிச் சீட்டு 1 ஓபோல். கப்பலின் பாய்மரத்துக்கு 20 திராக்மா. பாய்மரத்தைப் பாலைவனத்தின் குறுக்கே சுமந்துகொண்டு போனார்கள் என்பதை அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது. செங்கடல் கரையில் மரம் ஏது?

அந்தப் பாதையில் நடந்த ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியும். வழியோரப் பாறை ஒதுக்கில் லிசாஸ் என்பவர் தாம் வந்ததை லத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்துவைத்திருக்கிறார். புப்லியுஸ் அன்னியுஸ் ப்ளோகாமுஸ் என்பவரின் அடிமை அவர். அன்னியுஸ் குடும்பம் புத்தேயோலியில் தொழில் செய்தது. பொறிப்பின் காலம் கி.பி. 6, ஜூலை முதல் வாரம். அதாவது சிரியஸ் உதிக்க இரண்டு வாரம் இருக்கும்போது லிசாஸ் பாலைவனத்தில் இருந்தார். நூல்கள் சொல்லும் கணக்கும் பாறையில் உள்ள தேதியும் இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது. இதே அன்னியுஸ் ப்ளோகாமுஸ் குடும்பத்தைச் சேர்ந்த விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கரையோரம் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு 15 நாளில் இலங்கைக்கு வந்து சேர்ந்த கதையையும் பிளினி சொல்கிறார்.

இன்னும் பின்னால் போவோம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து கொப்தோஸ் வரை நைலில் 309 மைல், 12 நாள். நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது. எகிப்தில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே எதிர்நீரில் ஏற வேண்டிய படகு பாயை விரித்தால் போதும், காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது பாயை இறக்கிவிட்டால் ஆறே கொண்டுவந்து சேர்க்கும். உலகில் இத்தனை வாகாக அமைந்த ஆறுகள் குறைவு.

ஆற்றுக்கு 12, பாலைக்கு 12, இரண்டுக்கும் நடுவே சரக்கை இறக்கி ஏற்றவும் ஒட்டகம் பேசவும் சில நாள். எனவே ஜூன் நடுவுக்குள் அலெக்ஸாந்திரியாவை விட வேண்டும். அங்கே முதலிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலையும் நிறைய. கடன் ஒப்பந்தம் எழுத வேண்டும். சரக்கு சேர்க்க வேண்டும். முசிறிப் பக்கம் என்னென்ன போனது என்று பெரிப்ளூஸ் பட்டியல் தருகிறது: எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம், பிறகு பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, தகரம், ஈயம், கொஞ்சம் மது. கடைசியில் ஒரு வரி: கப்பலில் இருப்பவர்களுக்குப் போதுமான அளவு கோதுமை, ஏனென்றால் அங்குள்ள வணிகர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. அரிசிச் சோற்று நாட்டுக்குப் போகும் மாலுமிகள் தங்கள் ரொட்டிக்கான தானியத்தைக் கையோடு கொண்டுபோனார்கள்.

எகிப்துக்குள் நுழைவதும் வெளியேறுவதும் மற்ற மாகாணங்களைப் போல அல்ல. ரோமின் தானியக் களஞ்சியம் அது. பேரரசர்கள் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பேரரசரின் அனுமதி இல்லாமல் செனட்டர்கள் அங்கே காலடி வைக்கக் கூடாது. அலெக்ஸாந்திரியாவிலிருந்து கடல்வழியே வெளியே போக ஆளுநரின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கும் முத்திரைக்கும் அலைவது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

இப்போது முதல் கட்டத்துக்கு வந்துவிட்டோம். புத்தேயோலியிலிருந்து அலெக்ஸாந்திரியா. பயணிகளுக்கென்று தனிக் கப்பல் கிடையாது. தானியம் இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலில் இடம் பேசிக்கொள்ள வேண்டும். படுக்கை, பாத்திரம், உணவு எல்லாம் தம்முடையது. மேல்தளத்தில் திறந்த வெளியில் படுக்க வேண்டும். கோடைக் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால் போகிற திசைக்குச் சாதகம். மிக வேகமான பயணமாகப் பிளினி குறித்திருப்பது 9 நாள். பொதுவாக இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் கணக்கு இறுகுகிறது. கடலை முழுக்க நம்பலாம் என்று வெகெட்டியஸ் சொல்லும் மே 27 வரை நம் வணிகர் காத்திருந்தால், அலெக்ஸாந்திரியாவை அடையும்போதே ஜூன் நடுப்பகுதி ஆகிவிடும். கடன் எழுதவோ சரக்கு சேர்க்கவோ ஒரு நாளும் மிஞ்சாது. வழியில் நான்கு நாள் தடைப்பட்டால் பெரெனிகேயில் கப்பல் போயிருக்கும். அடுத்த கப்பல் அடுத்த ஆண்டு ஜூலையில்தான். எனவே ஏப்ரலில், மிஞ்சினால் மே முதல் வாரத்தில், கடல் திறந்தும் திறக்காமலும் இருக்கும் அந்தச் சந்தேக நாள்களிலேயே அவர் கிளம்பியாக வேண்டும். ஹெசியட் அவசரக்காரர்களின் பயணம் என்று ஒதுக்கினாரே, அதுதான் இது. தூரம் போகிறவருக்கு நல்ல வானிலை வரும்வரை உட்கார்ந்திருக்கும் வசதி இல்லை. முன்னால் எழுபது நாள் கடலும், தேதி தவறாத காற்றும் காத்திருக்கும்போது, அருகிலிருக்கும் சிறு ஆபத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார். இந்திய வணிகத்தில் பெரும்பகுதி அலெக்ஸாந்திரியாவில் இருந்தவர்கள் கையில் போனதற்கும், இத்தாலியப் பணக்காரர்கள் லிசாஸைப் போன்ற அடிமைகளையும் முகவர்களையும் எகிப்திலேயே வைத்திருந்ததற்கும் இந்த நெருக்கடி ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். முகவர் அங்கேயே இருந்தால் முதல் கடலின் வசந்தத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

முசிறியை அடைந்தார் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும். சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று பிளினி குறைப்பட்டுக்கொள்கிறார். கலங்கள் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்க்கும் காட்சியைப் புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர் காட்டுகிறார். ரோமில் எழுதியவருக்கு அது தொல்லை. நம் புலவருக்கு அது ஊரின் வளம். இருவரும் சொல்வது ஒரே துறையை. யவனரின் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதை அகநானூற்றின் 149ஆம் பாட்டும் சொல்கிறது.

திரும்புவதற்கும் கணக்கு உண்டு. எகிப்தியரின் தூபி மாதத் தொடக்கத்தில், டிசம்பரில், வடகிழக்குக் காற்றில் கிளம்ப வேண்டும். எப்படியும் சனவரி 13க்கு முன். இன்றைய நம் நாட்காட்டியில் போகிப் பண்டிகையை ஒட்டிய நாள். அப்படிக் கிளம்பினால்தான் அந்த ஆண்டே ஊர் திரும்ப முடியும் என்கிறார் பிளினி. செங்கடலுக்குள் நுழைந்ததும் தென்காற்று கொஞ்ச தூரம் உதவும். வடபாதியிலோ ஆண்டு முழுவதும் எதிர்க்காற்று. பெரெனிகேயைச் செங்கடலின் தலைப்பக்கத்தில் வைக்காமல் அவ்வளவு தெற்கே வைத்ததன் காரணம் இதுதான். எதிர்க்காற்றில் பல வாரம் போராடுவதைவிட, சரக்கை அங்கேயே இறக்கி ஒட்டகத்தில் ஏற்றுவது மேல். இன்று வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ், இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம், இந்தத் திரும்பு வழியைத்தான் படிப்படியாக எழுதுகிறது: நம்பகமான ஒட்டகக்காரரிடம் சரக்கை ஒப்படைத்தல், கொப்தோஸின் அரசுக் கிடங்கு, ஆற்றுப்படகு, அலெக்ஸாந்திரியாவில் நான்கில் ஒரு பங்கு வரி. அதன் மறுபக்கத்தில் ‘ஹெர்மாபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு; கங்கைக்கரை நறுமண வேர், தந்தம் எல்லாம் சேர்த்து வரி போக ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். இந்தச் சரக்கு அலெக்ஸாந்திரியாவை எட்டும்போது மார்ச், ஏப்ரல் ஆகியிருக்கும். மத்தியதரைக் கடல் அப்போதுதான் திறந்திருக்கும்.

இவ்வளவு நேரம் மேற்கிலிருந்து வந்தவரின் பக்கத்தில் நின்று எண்ணினோம். அதே காற்றைக் கிழக்கிலிருந்து போனவரின் பக்கத்திலிருந்தும் எண்ண வேண்டும். பெரெனிகேயில் ‘கொற்ற’ என்ற பெயர் தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. வடக்கே இருந்த இன்னொரு துறையில், இன்றைய குஸைர் அல்-கதீமில், ‘கணன்’, ‘சாதன்’ என்ற பெயர்களும் ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடும் கிடைத்தன. பெரெனிகேயின் செராபிஸ் கோயில் தரையில் புதைத்த இந்தியப் பெருஞ்சாடிக்குள் 7.55 கிலோ மிளகு இருந்தது. இவர்கள் மார்கழிக் காற்றில் ஏறிப் போனால் மாசி, பங்குனியில் அங்கே இறங்கியிருப்பார்கள். ஊர் திரும்பும் காற்று ஜூலையில்தான் வீசும். நடுவே நான்கைந்து மாதம் கோடை வெயிலில், குடிநீரையும் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டிய அந்தப் பாலைவனத் துறையில் தங்க வேண்டும். புத்தேயோலிக்காரர் முன்பின் தெரியாத வசந்தக் கடலில் அவசரமாகக் கிளம்பிய அதே வாரங்களில், கொற்றன் பெரெனிகேயில் அரிசியும் மிளகும் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, அதே ஜூலைக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.